பேரும் உடையும்: மாத்தளை மாவட்டத்து ஆடை வரலாறு – ஒரு நோக்கு

ஆடை மனித சமுதாயத்தில் மூன்று பணிகளை ஆற்றி வந்துள்ளது. வெயில், மழை, குளிர் என்பனவற்றிலிருந்து உடலைக் காப்பது முதலாவது பணி. உழைப்புக்கும் அசைவுக்கும் இடங்கொடுப்பது இரண்டாவது. அணிந்திருப்பவர் யார், சமுதாயத்தில் அவர்க்குரிய இடம் யாது என்பதைப் பிறர்க்கு அறிவிப்பது மூன்றாவது. வரலாற்றின் பெரும்பகுதியில் இம்மூன்றும் ஒரே ஆடையில் ஒருங்கமைந்ததில்லை. உழைப்பவரின் உடை மதிப்பற்றதாகவும், மதிப்புக்குரிய உடை உழைப்புக்கு உதவாததாகவுமே இருந்து வந்தன.

இம்மூன்றையும் ஒருங்கே தருவதாகக் கூறி விற்கப்படும் ஓர் உடைவகை கடந்த கால் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியுள்ளது. விளையாட்டு, ஓய்வு எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களை இணைத்து இதனை ‘அத்லெஷர்’ என அழைக்கின்றனர். உடற்பயிற்சிக் கூடத்துக்கென அமைந்த உடையை அலுவலகத்துக்கும் அங்காடிக்கும் பயணத்துக்கும் அணிந்து செல்லும் வழக்கமே இது. 2016ஆம் ஆண்டில் மெரியம்–வெப்ஸ்ரர் அகராதி இச்சொல்லுக்கு இடமளித்தது. நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆமர், லுலுலெமன், அத்லெற்றா ஆகியன இத்துறையிற் புகழ்பெற்ற வணிகப்பெயர்களாகும்.

இவ்வுடைகளின் கணிசமான பகுதி இலங்கையில் தைக்கப்படுகின்றது. லுலுலெமன் நிறுவனம் வெளியிடும் ஆண்டறிக்கைகளின்படி, அண்மை ஆண்டுகளில் அதன் உற்பத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இலங்கையைச் சேர்ந்தது. வியட்நாமும் கம்போடியாவுமே இலங்கையை விஞ்சி நிற்கின்றன. எனினும், இந்நாட்டில் ஆடை பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஒரு மாவட்டத்தின் நீண்ட வரலாற்றில் ஆடை எவ்விடத்தைப் பெற்றது, அதனை நெய்தோரும் தைத்தோரும் அணிந்தோரும் எவ்வாறு வேறுபட்டு நின்றனர் என்பன போதிய அளவு நோக்கப்படவில்லை. மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீகிரியாவும் தம்புள்ளையும்

மாத்தளை மாவட்டத்தின் ஆடை வரலாற்றை அறிய ஏடுகளைக் காட்டிலும் பாறைகளே முதலில் உதவுகின்றன. சீகிரியா, தம்புள்ளை ஆகிய இரு இடங்களும் இம்மாவட்ட எல்லைக்குள் அமைந்துள்ளமை நற்பேறாகும். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பனின் காலத்தனவாகக் கருதப்படும் சீகிரியா ஓவியங்களிற் காணப்படும் மகளிரின் இடைக்குக் கீழ் ஆடை தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளது. மேலுடலில் ஆடை உண்டா இல்லையா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. மேனியினின்றும் பிரித்தறிய இயலாத மெல்லிய துகில் அங்கே தீட்டப்பட்டிருப்பதாக ஒரு சாரார் கூறுவர். மேனி திறந்தே உள்ளது என்பர் மறுசாரார்.

உடலோடு ஒட்டி உடல்போலவே தோன்றும் ஆடை பற்றிய இக்கருத்து தென்னாசியாவுக்குப் புதியதன்று. பொருநராற்றுப்படை, பரிசிலாக அளிக்கப்பட்ட நுண்ணிய ஆடையைப் பாம்பின் உரியோடு ஒப்பிடுகின்றது. ‘இரண்டாவது தோல்’ என்று இன்றைய விளம்பரங்கள் கூறும் உவமை, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் புலவனுக்குத் தோன்றியிருந்தது எனலாம்.

சீகிரியா ஓவியங்களில் ஆடை வரலாற்று மாணவர் உற்றுநோக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பொன்னிற மேனியராகத் தீட்டப்பெற்ற மகளிரோடு கருநிற மகளிர் சிலரும் காணப்படுகின்றனர். பூத்தட்டு முதலியன ஏந்தி நிற்கும் இவர்களைப் பணிமகளிர் எனக் கொள்வது வழக்கம். இவர்களின் மார்பில் இறுகக் கட்டிய கச்சு தெளிவாகத் தெரிகின்றது. தலைவியின் ஆடை காண்பதற்கும் பணிமகளின் ஆடை வேலைக்கும் என வகுக்கப்பட்டிருந்தமையை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது. பணியாற்றும் பெண்ணின் உடலை இறுகப் பிடித்துநின்ற அக்கச்சின் வடிவமே, இன்று மேலைநாட்டுச் செல்வக் குடும்பத்துப் பெண்ணின் பயிற்சியுடையாகவும் அமைந்துள்ளது.

தம்புள்ளைக் குகைகளில் இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பாலானவை கண்டி இராச்சியக் காலத்து மரபைச் சார்ந்தவை. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில் இக்குகைகள் விரிவாகப் புதுக்கப்பெற்றன. மதுரை நாயக்கர் வழிவந்த இம்மன்னனின் உருவச்சிலையும் அங்கே உண்டு. மடிப்பு மடிப்பாகச் சுற்றிய நீண்ட ஆடையும் அணிகலன்களும் அரச மதிப்பை அறிவிக்கின்றன. அத்தகைய உடையை அணிந்து வயலில் இறங்க இயலாது. இறங்க வேண்டியதில்லை என்பதை அறிவிப்பதே அவ்வுடையின் பணியாகும்.

கண்டி இராச்சியத்தில் ஆடையின் நீளமும் மேலாடை அணியும் உரிமையும் சாதிக்கும் பதவிக்கும் ஏற்ப வரையறுக்கப்பட்டிருந்தன. 1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இக்கட்டுப்பாடுகளைக் குறிப்பிடுகின்றார். உடலின் வசதியைக் காட்டிலும் சமுதாய ஒழுங்கே ஆடையின் அளவைத் தீர்மானித்தது என்பது இதனாற் பெறப்படும்.

கம்பளியும் கொங்காணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத்தளை மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1848ஆம் ஆண்டில் வரிகளுக்கு எதிராக வீர புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா ஆகியோர் தலைமையில் எழுந்த கிளர்ச்சி இம்மாவட்டத்திலேயே மையங்கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அம்மக்கள், காடுகளினூடாகத் தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியில் எண்ணற்றோரைக் கொன்றன. எஞ்சியோர்க்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளையே. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1869இல் முதன்முதற் கண்டறியப்பட்ட இலைநோயினால் அதற்குள் கோப்பிப் பயிர் அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பின்னர்த் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் இம்மாவட்டத்துத் தோட்டங்களில் இடம்பெற்றன.

வெப்பமான தமிழகச் சமவெளியிலிருந்து ஒற்றை வேட்டியோடும் சேலையோடும் வந்தவர்க்கு மலைநாட்டின் குளிரும் மழையும் புதியன. அவர்களின் தொழில் உடையாக அமைந்தது கம்பளி. தோட்ட நிருவாகம் கொடுத்த கம்பளியின் விலை தொழிலாளரின் கூலியிற் கழிக்கப்பட்டது. அதனைத் தலைமேல் மடித்துப் போட்டுக்கொள்வதைக் கொங்காணி என்பர். தேயிலை கொய்யும் பெண்கள், செடிகளின் கிளைகள் சேலையைக் கிழிக்காதவாறும் ஈரம் படாதவாறும் இடையிற் படங்கு கட்டினர். கூடையின் கயிறு தலையில் அழுந்தும் இடத்தில் மடித்த துணி வைத்தனர்.

கொங்காணியும் படங்கும் தொழிலின் தேவையறிந்து தொழிலாளர் தாமே அமைத்துக்கொண்டவை. மழையைத் தடுத்தல், முள்ளைத் தடுத்தல், இரு கைகளையும் அசைவுக்கு விடுதல் ஆகிய பணிகளை அவை செவ்வனே ஆற்றின. இன்றைய விளையாட்டுடை நிறுவனங்கள் ஆய்வுகூடம் அமைத்துத் தேடும் பயன்கள் இவையே. ஆனால் இவ்வுடைக்கு மதிப்பு என்னும் மூன்றாம் பணி வாய்க்கவில்லை. படங்கு கட்டியவர் என்பதே அவரைத் தோட்டத்தவர் எனப் பிரித்துக் காட்டியது. திருவிழா நாளில் மாத்தளை முத்துமாரியம்மன் தேரைக் காணச் செல்லும்போது படங்கு களையப்பட்டு நல்ல சேலை உடுத்தப்படும். வேலைக்குரிய உடையும் மதிப்புக்குரிய உடையும் அவர்தம் வாழ்வில் வெவ்வேறாகவே இருந்தன.

அலுவிகாரைப் பத்திக்

தோட்டத்து உடை இவ்வாறிருக்க, மாவட்டத்தின் கிராமப்புறத்தில் ஆடையைக் கலையாக வளர்த்த முயற்சியொன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடம்பெற்றது. மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரை, கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிற் பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமெனப் போற்றப்படுவது. இவ்வூர்க் குடும்பத்தில் 1922இற் பிறந்த ஈனா த சில்வா, 1960களிற் கொழும்பிற் பத்திக் துணிக்கலையை வளர்த்துப் புகழ்பெற்றார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் விதானத்தை அணிசெய்த பத்திக் வேலைப்பாடு அவருடையது.

1980களில் அலுவிகாரைக்குத் திரும்பிய ஈனா த சில்வா, மாத்தளை மரபுரிமை நிலையத்தை அமைத்தார். சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் அங்கே மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் வேலையும் ஊசிவேலையும் பயின்றனர். உலோக வேலையும் மரவேலையும் உடன் வளர்ந்தன. 2015இல் அவர் மறைந்தார்.

அலுவிகாரை முயற்சி அளவிற் சிறியது. ஆயினும் அங்கே உருவான துணி, எவ்வூரில் எவர் வழிகாட்டலிற் செய்யப்பட்டது என்பதோடு சேர்த்தே விற்கப்பட்டது. ஊர்ப்பெயரே அதன் வணிகப்பெயராக விளங்கியது. பின்னர் வந்த பெருந்தொழிலோடு ஒப்பிடுவதற்கு இஃது ஓர் அளவுகோலாகும்.

விளையாட்டுடை தெருவுக்கு வந்தமை

மாத்தளையில் இவை நிகழ்ந்த காலத்தில் மேலைநாடுகளின் உடைப்பழக்கம் பெருமாற்றம் அடைந்து கொண்டிருந்தது. அதனைச் சுருக்கமாக அறிந்தாலன்றிப் பின்னர் இம்மாவட்டத்துக்குத் தையல் இயந்திரங்கள் வந்தமைக்கான காரணம் விளங்காது.

1933ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரெனிஸ் வீரர் றெனே லகோஸ்ற், பின்னற் துணியாலான குறுங்கைச் சட்டையை முதலைச் சின்னத்துடன் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆடுகளத்துச் சட்டையொன்று வீரரின் பெயரால் வெளியுலகுக்கு வந்த தொடக்ககால எடுத்துக்காட்டு இது. ஜேர்மனியில் டாஸ்லர் சகோதரர் பிரிந்து, ஒருவர் 1948இற் பூமாவையும் மற்றவர் 1949இல் அடிடாஸையும் நிறுவினர். ஐக்கிய அமெரிக்காவில் 1964இல் வேறு பெயரிற் சப்பாத்து வணிகமாகத் தொடங்கிய நிறுவனம் 1971இல் நைக்கி என்னும் பெயரைச் சூடியது.

உடையின் அமைப்பை மாற்றியது ஒரு நூலிழை. 1958இல் டுபொன்ற் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஜோசப் ஷிவர்ஸ், இறப்பரைப் போல இழுபட்டு மீளும் செயற்கை இழையொன்றை ஆக்கினார். லைக்கிரா என்னும் வணிகப்பெயரால் அறியப்பட்ட இவ்விழையை நைலோனுடனோ பொலியெஸ்டருடனோ சிறிதளவு சேர்த்துப் பின்னினாற் துணி உடலின் ஒவ்வோர் அசைவுக்கும் விரிந்து சுருங்கும். 1980களில் இசையோடு இயைந்த உடற்பயிற்சி மேலைநாட்டுப் பெண்களிடையே பரவியபோது இத்துணி வீடுகளுட் புகுந்தது. 1982இல் நடிகை ஜேன் ஃபொண்டா வெளியிட்ட பயிற்சி ஒளிநாடா இப்பரவலுக்குத் துணைசெய்தது.

1996இல் கெவின் பிளாங் என்னும் முன்னாள் பல்கலைக்கழக அமெரிக்கவகை உதைபந்தாட்ட வீரர், வியர்வையில் நனைந்து கனக்கும் பருத்திச் சட்டைக்கு மாற்றாக அண்டர் ஆமரைத் தொடங்கினார். 1998இல் கனடாவின் வன்கூவர் நகரில் சிப் வில்சன் லுலுலெமனை நிறுவினார். யோகப் பயிற்சிக்கென அமைந்த அதன் காற்சட்டை விரைவிற் பொதுவுடையாயிற்று. அதே ஆண்டிற் தோன்றிய அத்லெற்றாவை 2008இல் கப் நிறுவனம் வாங்கியது. 2017இல் ஐக்கிய அமெரிக்கா இறக்குமதி செய்த பெண்களுக்கான நெகிழ் பின்னற் காற்சட்டைகளின் தொகை, நீல ஜீன்ஸின் தொகையை முதன்முறையாக விஞ்சியது. 2020இற் பெருந்தொற்று மக்களை வீட்டிலிருந்தவாறே பணிபுரியச் செய்தபோது இவ்வழக்கம் மேலும் வேரூன்றியது.

இந்நிறுவனங்களிற் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தத் தையற்சாலைகள் இல்லை. அவை வடிவத்தையும் பெயரையும் உடைமையாகக் கொண்டு, தைக்கும் வேலையை ஆசிய நாடுகளின் ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. இலங்கை இவ்வமைப்பினுட் புகுந்த வழியை இனி நோக்குவோம்.

குவோட்டாவும் இருநூறு தொழிற்சாலைகளும்

1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை உடன்படிக்கை, வளரும் நாடுகள் மேலைநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யக்கூடிய ஆடைகளின் அளவைக் குவோட்டா முறையால் வரையறுத்தது. தமக்குரிய குவோட்டாவை நிரப்பிய நாடுகளின் முதலாளிகள், நிரப்பப்படாத குவோட்டா உள்ள நாடுகளைத் தேடினர். 1977இற் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட இலங்கை அவர்களுக்கு வாய்ப்பான இடமாயிற்று. 1978இற் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. தொலைதூரக் கிராமத்துப் பெண்கள் அங்கே திரண்டனர். ஜூக்கி என்னும் ஜப்பானியத் தையல் இயந்திரத்தின் பெயரே அவர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாகவும் மாறியது. ஓர் இயந்திரத்தின் வணிகப்பெயர் ஆயிரக்கணக்கான பெண்களின் சொந்தப்பெயரை மறைத்த செய்தி இது.

1987 முதல் 1989 வரை நாட்டின் தென், மத்திய பகுதிகளை உலுக்கிய இளைஞர் கிளர்ச்சியும் அதனை அடக்கிய வன்முறையும் மாத்தளை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கின. கிராமப்புற வேலையின்மையே இக்கிளர்ச்சிக்கு ஊற்று எனக் கண்ட ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் அரசு, 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. பிரிவுதோறும் ஒரு தொழிற்சாலை, தொழிற்சாலைதோறும் ஏறத்தாழ 500 பேர், மொத்தம் ஓர் இலட்சம் வேலைகள் என்பது அதன் இலக்கு. பின்தங்கிய இடங்களுக்குச் செல்லும் முதலாளிகளுக்குக் குவோட்டாவும் வரிச்சலுகையும் கிடைத்தன. மாத்தளை மாவட்டமும் இவ்விரிவில் இடம்பெற்றது.

இத்திட்டத்தின் சமுதாய விளைவுகளை அமெரிக்க மானிடவியலாளர் கைற்றிறின் லிஞ்ச் 1990களின் நடுப்பகுதியிற் கண்டிப் பகுதியில் ஆராய்ந்து 2007இல் நூலாக வெளியிட்டார். தாம் நகரத்து ஜூக்கிப் பெண்கள் அல்லர், பெற்றோர் வீட்டிலிருந்து சென்றுவரும் ஒழுக்கமுடைய கிராமத்துப் பெண்கள் என நிறுவுவதற்கு அத்தொழிலாளர் இடையறாது முயன்றமையை அவர் எடுத்துக்காட்டினார். உழைக்கும் பெண்ணின் உடையும் நடையும் ஊராரின் கண்காணிப்புக்கு உள்ளாவது, கண்டி இராச்சியக் காலத்து ஆடைக் கட்டுப்பாடுகள் மறைந்த பின்னரும் வேறுவடிவில் தொடர்ந்தது எனலாம்.

1992ஆம் ஆண்டு மலையக மக்களின் வரலாற்றிலும் திருப்பமாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை, அவ்வாண்டில் 22 கம்பனிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து நின்றோரின் சிக்கல், 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் படிப்படியாகத் தீர்ந்தது. தோட்டத்துக்கு வெளியே தொழில் தேடுவது முந்திய தலைமுறையினர்க்கு அரிதாகவிருந்தது. பின்வந்த இளையோர்க்கு அது வழக்கமாயிற்று. கடைச் சிப்பந்தி வேலையும் வீட்டு வேலையும் வெளிநாட்டுப் பணிப்பெண் வேலையும் அவர்களை ஈர்த்தன; அவ்வரிசையில் ‘கார்மென்ற்’ வேலையும் சேர்ந்தது.

2004 டிசம்பர் 31உடன் குவோட்டா முறை முடிவுற்றது. மலிவான சட்டைகளை மட்டும் தைத்த சிறு தொழிற்சாலைகள் தாக்குப்பிடிக்க இயலாது தளர்ந்தன. பெருநிறுவனங்கள் நுட்பம் மிகுந்த உள்ளாடை, விளையாட்டுடை ஆகியவற்றை நாடின. 1987இல் அமலியன் சகோதரர் நிறுவிய மாஸ் ஹோல்டிங்ஸ் இவ்வழியில் முன்னின்றது. 2019 உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கைத் துடுப்பாட்ட அணி அணிந்த உடை, கடற்கரையிற் சேகரித்த பிளாஸ்ரிக் கழிவிலிருந்து ஆக்கிய இழையால் இந்நிறுவனம் உருவாக்கியதாகும். இன்று ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் இலங்கையில் நேரடியாக ஆடைத்தொழிலிற் பணிபுரிகின்றனர்; அவர்களிற் பெரும்பான்மையோர் பெண்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டொலர் இதனால் ஈட்டப்படுகின்றது. நாட்டின் பண்ட ஏற்றுமதி வருவாயில் இஃது ஐந்தில் இரு பங்களவாகும்.

லயமும் லைனும்

நெகிழ் துணியைத் தைப்பது எளிய செயலன்று. சுருளிலிருந்து விரித்த துணியை உடனே வெட்டினால், வெட்டிய பின் அது சுருங்கி அளவு பிழைக்கும். ஆதலால் வெட்டுமுன் துணியைப் பல மணிநேரம் தளரவிடுவர். தைப்பவர் துணியைச் சிறிது இழுத்தாலும் தையல் அலையலையாக நெளியும். தளரவிட்டாலோ அணிபவர் குனியும்போது நூல் அறும். தோலில் உராயாதவாறு இரு துணி விளிம்புகளையும் தட்டையாகப் பிணைக்கும் ‘ஃபிளற்லொக்’ தையலுக்குப் பல ஊசிகளும் நூல்களும் கொண்ட இயந்திரம் வேண்டும். அதனை ஓட்டுபவரின் விரல்நுனிகள் துணியின் இழுவிசையை ஒவ்வொரு நொடியும் மதிப்பிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அணிபவர் உணரும் இதம் இவ்விரல்களின் பயிற்சியிலே பிறக்கின்றது.

இவ்வேலை ‘லைன்’ எனப்படும் இயந்திர வரிசையில் நடைபெறும். ஒருவர் ஒரு தையலை மட்டுமே நாள் முழுதும் மீண்டும் மீண்டும் தைப்பார். ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை நிமிடம் எனக் கணக்கிட்டு மணிநேர இலக்கு விதிக்கப்படும். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் ‘லயம்’ என்ற சொல்லும் இதே ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததே. தாய் லயத்தில் வாழ்ந்து கொழுந்து நிறைக்குக் கணக்குக் காட்டினாள். மகள் லைனில் அமர்ந்து தையல் எண்ணிக்கைக்குக் கணக்குக் காட்டுகின்றாள்.

இவ்வொப்புமையை எல்லைமீறிக் கொண்டு செல்லுதலும் பொருந்தாது. தொழிற்சாலையிற் கூரை உண்டு. அட்டையும் மழையும் இல்லை. மாதச் சம்பளம், சேமலாப நிதி, தனக்கென ஒரு வங்கிக் கணக்கு என்பன இளம்பெண் ஒருத்திக்கு வீட்டில் ஒரு குரலைப் பெற்றுத் தந்துள்ளன. தங்கையின் படிப்பும் தனது திருமணச் செலவும் இவ்வருவாயால் நிறைவேறிய குடும்பங்கள் பல. ஆடைத்தொழிலை வெறும் சுரண்டல் என ஒதுக்குவோரும், வெறும் வளர்ச்சி எனப் புகழ்வோரும் உண்மையின் ஒரு பாதியையே காண்கின்றனர்.

இருவகைப் பேர்

மலையகத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்கான கூலிப்பதிவைப் ‘பேர்’ என்பர். காலையிற் பிரட்டுக்குச் சென்று, குறித்த அளவு கொழுந்து கொய்தால் அன்று ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’ போடப்படும். ஒருவரின் உழைப்பையும் பெயரையும் ஒரே சொல்லால் வழங்கிய இவ்வழக்கு ஆழ்ந்து நோக்கற்பாலது. உழைத்தவர்க்கே பேர், உழைப்பு முழுமையாயின் பேரும் முழுமை என்பது இச்சொல்லின் உட்கிடை. நடைமுறையில் அது தொழிலாளரை ஒறுக்கும் கருவியாகப் பயன்பட்டமை வேறு செய்தி.

ஆடை வணிகத்திற் பேர் என்பது முற்றிலும் வேறுபொருள் கொண்டது. அங்கே பேர் உழைப்பினின்றும் பிரிந்து நிற்கின்றது. லுலுலெமனின் புகழ்பெற்ற காற்சட்டை வகையொன்றின் விலை ஐக்கிய அமெரிக்காவில் 98 டொலராக இருந்தது. 2025ஆம் ஆண்டின் நாணயமாற்று வீதத்தில் இஃது ஏறத்தாழ 29,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் இலங்கையிற் சட்டம் விதித்த தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 27,000 ரூபா. 2026 ஜனவரியில் அது 30,000 ரூபாவாக உயர்ந்தது. தேர்ந்த தையலாளர் ஊக்கப்படிகளுடன் இதனிலும் கூடுதலாகப் பெறலாம். எனினும், சட்டம் காட்டும் அடிமட்ட அளவில், ஒரு காற்சட்டையின் கடைவிலையும் ஒரு மாத உழைப்பின் விலையும் ஒன்றாகவே நிற்கின்றன.

துணி, நூல், கப்பல், கடை, விளம்பரம் ஆகிய செலவுகளும் அவ்விலையில் அடங்கும் என்பது உண்மையே. அவற்றுள் மிகுந்த பங்கைப் பெறுவது பேர். பேரை உடையவர்க்கே விலையை வகுக்கும் உரிமையும், கட்டளையை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாற்றும் வலிமையும் உண்டு. 2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பண்டங்கள் மீது 44 வீதத் தீர்வையை அறிவித்தபோது தொழிற்சாலைகள் அனைத்தும் கலங்கின. ஓகஸ்ற்றில் அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டது. முன்னர் 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை நீங்கி, 2017இல் மீண்டு வந்தபோதும் இத்தகைய கலக்கமே நிலவியது. தொலைநாட்டு முடிவொன்று மாத்தளைக் கிராமத்துப் பெண்ணின் மேலதிகநேர வேலையைத் தீர்மானிக்கின்றது. அம்முடிவில் அவளுக்கோ அவளது ஊருக்கோ பங்கில்லை.

சொந்தப் பேரை உருவாக்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. மாஸ் நிறுவனம் 2007இல் இந்தியாவில் அமான்தே என்னும் உள்ளாடைப் பெயரை அறிமுகம் செய்தது. 2021இல் அப்பெயர் இந்தியாவின் ரிலயன்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. தமிழகத்திற் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர், பிறநாட்டுப் பெயர்களுக்குத் தைத்து வருவதோடு ரெக்னோஸ்போர்ட் போன்ற உள்நாட்டு விளையாட்டுடைப் பெயரையும் வளர்த்துள்ளது. தைக்கத் தெரிந்த ஊர் பேர்சூட்டவும் இயலும் என்பதற்கு இவை சான்று. ஆயினும், பேர் உள்நாட்டவரின் கைக்கு வருவதனால் மட்டும் தைத்தவரின் பங்கு உயர்ந்துவிடும் எனக் கொள்ளுதற்கில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகும். மாத்தளை மாவட்டத்தின் வரலாறு முழுவதிலும் ஆடை, இதம் யாருக்கு உரியது என்பதைக் காட்டும் அடையாளமாக விளங்கியுள்ளது. சீகிரியாவிற் பணிமகளின் கச்சும் தலைவியின் துகிலும் வேறுபட்டன. கண்டி அரசிற் சாதி ஆடையின் நீளத்தை வகுத்தது. தோட்டத்திற் கம்பளியின் விலை உழைத்தவரின் கூலியிற் கழிந்தது. உழைப்புக்குரிய உடையே மதிப்புக்குரிய உடையாகவும் மாறியுள்ள இன்றைய காலம் ஒருவகையிற் பழைய தடையைத் தகர்த்துள்ளது. பணிமகளுக்குரியதாயிருந்த கச்சைத் தலைவியும் விரும்பி அணிகின்றாள். ஆனால் அதனைத் தைப்பவளுக்கும் அணிபவளுக்கும் இடையிலுள்ள தொலைவு கடல்கடந்து விரிந்துவிட்டது.

இத்தொலைவை அளப்பது வரலாற்று மாணவரின் கடமையாகும். பல்கலைக்கழகத்து இளைஞர் அணியும் விளையாட்டுடைகளின் உட்புறத்திற் சிறிய துணித்துண்டொன்றில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு மாவட்டமும், ஒரு கிராமமும், விடியலிற் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஒரு பெண்ணும் உள்ளனர். கோப்பியின் வரலாற்றையும் தேயிலையின் வரலாற்றையும் நீண்டகாலம் துரைமாரின் ஏடுகளைக் கொண்டே எழுதிய பிழை, தைத்த ஆடையின் வரலாற்றிலும் நேர்தலாகாது. இருநூறு தொழிற்சாலைத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண்கள் இன்று ஐம்பது வயதை எட்டியும் கடந்தும் உள்ளனர். இரத்தோட்டை, உக்குவளை, நாவுல, கலேவெல ஆகிய ஊர்களில் அவர்தம் நினைவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. அப்பணி நிறைவேறுமாயின், ஆடையின் வரலாற்றில் உழைத்தவர்க்கு இதுகாறும் கிட்டிய அரைப்பேர் முழுப்பேராகும்.